பழைய தோட்டக்கலைப் புத்தகங்கள்: மலிவாக எங்கே, எப்படிக் கிடைத்தன?

சென்னை, மாடித்தோட்டம்

வாடகை வீட்டு மாடியில் முப்பது தொட்டிகளோடு தொடங்கினேன். புதுப் புத்தகம் ஒன்று அறுநூறு, எழுநூறு ரூபாய் என்றிருந்ததால், ஞாயிறு காலையில் திருவல்லிக்கேணி பாரதி சாலைக்குப் போனேன். பெரியவர்கள் இன்னும் பைகிராஃப்ட்ஸ் சாலை என்றுதான் சொல்கிறார்கள். நடைபாதையில் குவித்திருந்த புத்தகங்களுக்கு நடுவே, வழவழப்பான தாளில் வண்ணப் படங்களோடு மூன்று பெரிய புத்தகங்கள் கிடைத்தன. மூன்றும் சேர்த்து முந்நூறு ரூபாய். இங்கிலாந்தில் அச்சானவை.

அதில் இருந்த விதைப்பு அட்டவணையை அப்படியே பின்பற்றினேன். மார்ச் மாதம் ஜன்னலோரத்தில் தக்காளி விதைக்க வேண்டும், பனி விலகிய பிறகு மே கடைசியில் நாற்றை வெளியே நட வேண்டும் என்று இருந்தது. நட்டேன். அக்னி நட்சத்திரம் முடிவதற்குள் ஒரு நாற்றுகூட மிஞ்சவில்லை. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று பாட்டி ஆயிரம் முறை சொல்லிக் கேட்டிருந்தும் அட்டவணையைத்தான் நம்பினேன் என்பது இன்றும் வருத்தமாக இருக்கிறது.

அடுத்த மாதம் அதே கடைக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். அவருடைய தந்தை மூர் மார்க்கெட்டில் கடை வைத்திருந்தவர். 1985 தீ விபத்துக்குப் பிறகு பலர் அல்லிக்குளம் பக்கம் போக, இவர்கள் திருவல்லிக்கேணிக்கு வந்துவிட்டார்கள். “படம் பார்த்து வாங்காதீங்க அம்மா, எந்த ஊரில் எழுதினதுன்னு பாருங்க” என்றார். இரண்டு வாரம் கழித்து அவரே எடுத்து வைத்திருந்த புத்தகத்தைக் கொடுத்தார். நேஷனல் புக் டிரஸ்டின் ‘இந்தியா: நாடும் மக்களும்’ வரிசையில் பி. சௌத்ரி காய்கறிகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியது. பின்னட்டை இல்லை. நாற்பது ரூபாய்.

வீட்டுக்கு வந்து பிரித்தபோதுதான் ஓரங்களில் பென்சிலால் எழுதிய தமிழ்க் குறிப்புகளைப் பார்த்தேன். கத்தரிப் பக்கத்தில் இப்படி இருந்தது: “ஆவணி 10 நாற்று நட்டது. ஐப்பசியில் தண்ணீர் தேங்கி வேர் அழுகல். அடுத்த தடவை மேட்டுப்பாத்தி.” வெண்டைக்குப் பக்கத்தில், “கிணற்றுத் தண்ணீர் உப்பு, இலை ஓரம் கருகுகிறது” என்று ஒரு வரி. அச்சிட்ட பக்கம் நாடு முழுவதற்கும் பொதுவானது, ஓரத்தில் இருந்தது என் ஊரின் மழையும் என் ஊரின் தண்ணீரும். அந்த ஆண்டு எல்லாத் தொட்டிகளையும் செங்கல் மேல் தூக்கி வைத்தேன். வடிகால் துளைகளைப் பெரிதாக்கினேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு கத்தரிச் செடியும் அழுகவில்லை.

மற்றவர்களுக்கு எங்கே, என்ன கிடைத்தது?

கோவை, ஓய்வுபெற்ற உதவி வேளாண்மை அலுவலர்

எங்கள் ஊரில் உக்கடம் பழைய புத்தகக் கடைகள்தான். எப்போது போகிறோம் என்பது முக்கியம் சகோதரி. வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவர்கள் படிப்பு முடிந்து விடுதியைக் காலி செய்யும் நாட்களில் தோட்டக்கலைப் பாடநூல்கள் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். கடைக்காரர் அவற்றைப் பிரித்து அடுக்குவதற்கு முன் போனால் நல்ல விலைக்குப் பேசலாம். நூறு ரூபாய்க்கு மேல் நான் அதிகம் கொடுத்ததில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. பழைய புத்தகத்தைக் கையில் எடுத்ததும் பூச்சி மருந்துப் பக்கத்தை முதலில் பாருங்கள். அவரையில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி வந்தால் பி.எச்.சி. என்ற பூச்சிக்கொல்லித் தூளைத் தூவு என்று எழுதியிருக்கும். நானே பணியின் தொடக்க ஆண்டுகளில் விவசாயிகளிடம் அதைத்தான் சொன்னேன், அது என் மனத்தை விட்டுப் போகவில்லை. டி.டி.டி.யை விவசாயத்தில் பயன்படுத்த 1989இல் தடை வந்தது. பி.எச்.சி. 1997இல் தடை செய்யப்பட்டது. எண்டோசல்ஃபானை 2011இல் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. பரணில் கிடக்கும் பழைய டப்பாவை எடுத்துப் புத்தகத்தில் இருக்கிறதே என்று கீரையில் தெளித்துவிடாதீர்கள். ஐம்பது கிராம் வேப்பங்கொட்டையை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, வடிகட்டி, சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளித்தால் வீட்டுத் தோட்டத்துக்குப் போதும்.

அதே புத்தகத்தில் பதியம், ஒட்டு, கவாத்து, எரு மக்க வைப்பது பற்றிய பக்கங்களைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். ரகங்களின் பெயர்கள்தான் பழையவையாக இருக்கும்.

திருச்சி, பள்ளி ஆசிரியை

ஐயா சொன்ன பதியம், ஒட்டு பற்றித் தமிழிலேயே தெளிவாகப் படிக்க வேண்டுமா? மேல்நிலைத் தொழிற்கல்விப் பிரிவின் ‘வேளாண் செயல்முறைகள்’ பாடநூலைத் தேடுங்கள். மெயின்கார்டு கேட் பக்கத்துப் பழைய புத்தகக் கடையில், நோட்ஸ் குவியலின் அடியிலிருந்து எனக்கு இருபது ரூபாய்க்குக் கிடைத்தது. பாடத்திட்டம் மாறிவிட்டதால் அதை யாரும் சீண்டுவதில்லை. விண்பதியம், நெருக்கு ஒட்டு, மொட்டுக்கட்டுதல் என்று ஒவ்வொன்றுக்கும் கோட்டுப்படம் போட்டு, பதினாறு வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி எழுதியிருக்கிறார்கள். விண்பதியப் படத்தைப் பார்த்து எங்கள் மாதுளைக் கிளையில் ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக நீக்கி, ஈரப்பாசி வைத்து, பாலிதீன் தாளால் கட்டினேன். தாளுக்குள் வெள்ளை வேர்கள் தெரிந்த நாளில் வகுப்புப் பிள்ளைகளை வீட்டுக்கே அழைத்துக் காட்டினேன்.

பழைய புத்தகத்தோடு தாளை அரிக்கும் ராமபாணப் பூச்சியும் வீட்டுக்கு வரும். காற்றுப் புகாத பையில் கட்டி, குளிர்சாதனப் பெட்டியின் உறையறையில் பத்து நாள் வைத்து எடுத்த பிறகே அலமாரியில் சேர்க்கிறேன்.

கண்டி, இலங்கை

பேராதனைத் தாவரவியல் பூங்காவில் பணியாற்றிய எச்.எஃப். மக்மிலன் வெப்ப மண்டலத் தோட்டங்களைப் பற்றி எழுதி 1910இல் வெளிவந்த நூலை ஒரு கடையில் கண்டேன். தோல் கட்டு, பொன் எழுத்து. சொன்ன விலையைக் கேட்டுத் திரும்பி வந்துவிட்டேன். பிறகு இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் அதைத் தேடி, ஒரு சதமும் செலவில்லாமல் முழுவதும் வாசித்தேன். அபூர்வம் என்று விலை சொல்லப்படும் நூற்றாண்டுப் பழைய நூல் எதையும் வாங்குவதற்கு முன் அங்கே ஒரு முறை தேடிப் பாருங்கள். காசை மிச்சம் பிடித்து விதை வாங்கலாம்.

சென்னை, மாடித்தோட்டம்

கோவை ஐயாவுக்கு மிகுந்த நன்றி. என் புத்தகத்தின் மருந்துப் பக்கங்களை இன்று காலை எடுத்துப் பார்த்தேன். அங்கும் பென்சில் குறிப்பு இருக்கிறது: “இது வேண்டாம். சாம்பல் போதும்.” எழுதியவர் யார் என்று தெரியவில்லை. முதல் பக்கத்தில் பெயர் இருந்த இடம் கிழிந்திருக்கிறது. தடை வருவதற்கு முன்பே ஒருவர் தன் பாத்தியைப் பார்த்து இந்த முடிவுக்கு வந்திருக்கிறார் என்று நினைக்கும்போது கை கூப்பத் தோன்றுகிறது. அவர் கையெழுத்துக்குக் கீழே நானும் பென்சிலால் என் தேதிகளைக் குறித்து வருகிறேன்.

ஓர் உதவி வேண்டும். என் பிரதியில் பாகற்காய், புடலை பற்றிய பக்கங்கள் இல்லை. பின்னட்டையோடு சேர்ந்து சில தாள்களும் போயிருக்கின்றன. யாரிடமாவது இதே புத்தகம் இருந்தால் அந்தப் பக்கங்களை மட்டும் படம் எடுத்து அனுப்புங்கள். இந்த ஆடியில் பந்தல் போடப் போகிறேன்.