புதுப்பிப்பு (ஜூலை 2025): அம்மாவின் சிகிச்சைக்குப் பி.எஃப். பணம் வந்துவிட்டது

அம்மாவுக்கு பைபாஸ் செய்ய வேண்டும், காப்பீடு போதவில்லை, பி.எஃப். (சம்பளத்தில் பிடிக்கும் வருங்கால வைப்பு நிதி) பணத்தை எடுக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பணம் வந்தது, அறுவை சிகிச்சையும் முடிந்தது. அம்மா வீட்டுக்குள் மெல்ல நடக்கிறார். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

ஐந்து வருட சர்வீஸ் வேண்டும் என்று சிலர் சொல்லியிருந்தீர்கள். நான் எடுத்தபோது (2025) மருத்துவ முன்பணத்துக்கு அப்படி இல்லை. பி.எஃப். திட்டத்தில் சிகிச்சைக்குப் பணம் எடுப்பதற்கான 68ஜே பிரிவில் குறைந்தபட்ச சர்வீஸ் என்ற நிபந்தனையே இருக்கவில்லை. பெற்றோர் சிகிச்சைக்கும் எடுக்க முடிந்தது. ஆனால் முழுத் தொகையும் கிடைக்கவில்லை. ஆறு மாத அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் ஒரு பக்கம், சம்பளத்திலிருந்து பி.எஃப்.புக்குப் பிடித்த நம் பங்கு, வட்டியோடு சேர்த்து, இன்னொரு பக்கம். எது குறைவோ அதைத்தான் தந்தார்கள். எனக்கு இதில்தான் துண்டு விழுந்தது. மீதியைச் சித்தப்பா கொடுத்தார்.

முன்பணம் கேட்கும் விண்ணப்பமான படிவம் 31-ஐ ஆன்லைனிலேயே போட்டேன். ஆதாரும் வங்கிக் கணக்கும் ஏற்கெனவே இணைந்திருந்ததால் யாரிடமும் கையெழுத்துக்கு அலையவில்லை. தானியங்கித் தீர்வுக்கான (அதிகாரி பார்க்காமல் கணினியே விண்ணப்பத்தை முடித்துக்கொடுப்பது) வரம்பையும் 2025 ஜூனில் 1 லட்சத்திலிருந்து 5 லட்சமாக உயர்த்தினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி!

அப்புறம், திருப்பிக் கட்ட வேண்டுமா என்று கேட்டவருக்கு: வேண்டாம், இது கடன் இல்லை. ஆனால் எடுத்த தொகைக்கு இனி பி.எஃப். வட்டி வராது. அதனால் வி.பி.எஃப்.பில் (நாமாக விரும்பி பி.எஃப்.பில் கூடுதலாகச் சேர்ப்பது) மாதாமாதம் கொஞ்சம் கூடுதலாகப் போடப் போகிறேன்.