மறு: ‘ரா இண்டெக்ஸ்’ = உதிரி அடைவு?

வணக்கம் நண்பர்களே,

நூலின் கடைசியில் வரும் சொல்லடைவுக்காகத் திரட்டி, இன்னும் வரிசைப்படுத்தாமல் இருக்கும் பட்டியல்தான் ‘ரா இண்டெக்ஸ்’. நாம் தமிழாக்கும் கருவியின் விளக்கத்தில் அதற்கு என்ன பெயர் வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> ‘மூல அடைவு’ என்றே வைத்துக்கொள்ளலாமே? எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான், ஆனால் வேறொன்றாகப் புரியும். லாடெக் என்ற அச்சமைப்பு மென்பொருளில் நூல் எழுதுகிறவருக்கு மூலம் என்றால் அவர் தட்டச்சு செய்த டெக் கோப்பு. ‘மூலக்கோப்பு’ அந்தப் பொருளில் நிலைத்துவிட்டது. மூல அடைவு என்று படித்ததும், தான் உட்கார்ந்து எழுத வேண்டிய ஏதோ ஒன்று என்று நினைப்பார். ரா இண்டெக்ஸ் கோப்பையோ அவர் தொடுவதே இல்லை. உரையில் ஒரு சொல்லை அடைவுக்கென்று குறிக்கும் இண்டெக்ஸ் கட்டளை வரும் இடமெல்லாம் அந்தச் சொல்லையும் பக்க எண்ணையும் லாடெக்கே ஐடிஎக்ஸ் கோப்பில் வரிக்கு ஒன்றாக எழுதிக்கொண்டு போகிறது. அகரவரிசை கிடையாது. 12-ஆம் பக்கத்தில் வந்த சொல் 45-இல் மறுபடி வந்தால் மறுபடி ஒரு வரி.

இதைத்தான் பூக்கடையில் உதிரி என்கிறோம். பறித்த பூ அப்படியே கூடையில் கிடக்கிறது, இன்னும் தொடுக்கவில்லை. அதனால் ‘உதிரி அடைவு’ என்பது என் முன்மொழிவு. ‘கச்சா அடைவு’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். கச்சா எண்ணெயைச் சுத்திகரித்துப் பிரித்தெடுக்க வேண்டும். இங்கே பிரித்தெடுக்க எதுவும் இல்லை, வரிசையில் கோப்பதுதான் வேலை.

இந்தச் சொல் சரியாக அமைய வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம், நாம் மொழிபெயர்க்கும் டெக்2ஸிண்டி என்ற சிறு கருவி. ஐடிஎக்ஸ் கோப்பை உள்ளீடாக வாங்கி, அடைவை வரிசைப்படுத்தும் ஸிண்டி என்ற நிரல் படிக்கும் வடிவில் வெளியிடுவது மட்டுமே அதன் வேலை. லாடெக் நெளிவு அடைப்புக்குறிக்குள் எழுதியதை அது லிஸ்ப் என்ற நிரல்மொழியின் பாணியில் வளைவு அடைப்புக்குறிக்குள் எழுதுகிறது. ஸிண்டியே காமன் லிஸ்ப்பில் எழுதப்பட்டது அல்லவா! ஆனால் வரிசைப்படுத்துவதில்லை. உள்ளே போவதும் உதிரி, வெளியே வருவதும் உதிரி. ஆகவே விளக்க வரியை இப்படி எழுதலாம்: ‘லாடெக்கின் உதிரி அடைவை ஸிண்டியின் உதிரி அடைவாக வடிவம் மாற்றும்.’ இப்போதைய வரைவில் ‘அடைவை உருவாக்கும்’ என்று இருக்கிறது. அது தவறு, மாற்றியே ஆக வேண்டும்.

உருவாக்குவது அடுத்த படியில்தான் நடக்கிறது. அதைச் செய்யும் நிரலை ‘அடைவு தொடுப்பி’ எனலாம். 1980களில் பெஹோங் சென் எழுதிய மேக்இண்டெக்ஸ், பின்னர் ரோஜர் கேர் எழுதிய ஸிண்டி இரண்டும் தொடுப்பிகளே. எனக்கு இந்த வேறுபாடு பட்டுத்தான் தெரிந்தது. ஒரு தமிழ் நூலின் அடைவை மேக்இண்டெக்ஸில் ஓட்டினேன். ‘கனி’ முன்னால் வந்து ‘கவி’ பின்னால் நின்றது, ‘பளிங்கு’ ‘பழம்’ என்பதைத் தாண்டி முன்னே போனது. அது எழுத்தின் எண் மதிப்பைப் பார்த்து அடுக்குகிறது. யூனிகோடில் ‘ன’ ‘ந’வுக்கு அடுத்தே இருக்கிறது, ‘ள’ ‘ழ’வுக்கு முன்னால். நம் நெடுங்கணக்கிலோ வ, ழ, ள, ற, ன. ஸிண்டியில் வரிசை விதிகளை நாமே எழுதிக் கொடுக்கலாம். இவ்வளவு தூரம் இந்தக் கருவிக்காக மெனக்கெடுவது அதனால்தான்.

> அடைவு என்பது டைரக்டரிக்கும் வழங்குகிறதே?

சரி, குழப்பம் உண்டு. ஆனால் ‘சுட்டி’ மவுசுக்குப் போய்விட்டது, ‘பொருளடைவு’ என்றால் பொருளடக்கத்தோடு கலந்துவிடும். சொல்லடைவு என்று நூலின் கடைசிப் பக்கங்களைச் சொல்வது தமிழ்ப் பதிப்புலகில் பழகிய வழக்கம். இந்தத் தொகுப்பில் டைரக்டரிக்குக் ‘கோப்புறை’ என்று வைத்து அடைவை மீட்டுக்கொள்வோம்.

அப்புறம், ஸிண்டியின் உதிரி அடைவில் சொல் வரும் இடத்தைக் குறிக்கும் லொக்ரெஃப் என்ற புலத்தை வரைவில் ‘பக்க எண்’ என்று பெயர்த்திருக்கிறோம். அங்கே பக்கம்தான் வர வேண்டும் என்று இல்லை. ஸிண்டியில் இட வகைகளையும் நாமே வரையறுக்கலாம். திருக்குறள் பதிப்புக்கு அடைவு செய்கிறவர் அங்கே குறள் எண்ணைத்தான் வைப்பார். ‘இடக்குறிப்பு’ என்று மாற்றிப் பார்த்தேன், எல்லா வரிகளிலும் பொருந்துகிறது. மறுப்பு இருந்தால் எழுதுங்கள், இல்லையென்றால் ஞாயிறன்று கோப்பில் ஏற்றிவிடுகிறேன்.