மறு: பிஸ்ட்ரோ: ‘ஆறமர் உணவகம்’னு வச்சுக்கலாமா?

எல்லாருக்கும் வணக்கம்ங்க, நம்ம சுற்றுலாச் சொற்பட்டியலுக்காக ‘பிஸ்ட்ரோ’வுக்கு, அதான் பிரான்ஸ் நாட்டுச் சின்னச் சாப்பாட்டுக் கடைக்கு, தமிழ்ல என்ன பேர் வைக்கலாம்னு பேசிட்டிருந்தோம்ல, அதுக்குத்தான் இந்தப் பதில்.

பாலக்கோட்டு அண்ணன் சொன்ன ‘சிற்றுணவகம்’ எனக்கு ஒத்துவரல. சிற்றுணவுன்னதும் நம்ம பக்கம் போண்டா வடைதான் ஞாபகம் வரும், பிஸ்ட்ரோவுல மத்தியானம் முழுச் சாப்பாடுல்ல போடுறாங்க.

ஐயா சொன்ன கதை, அதான் 1814ல பாரிஸுக்குள்ள வந்த ரஷ்ய சிப்பாய்ங்க ‘பீஸ்த்ரோ’, சீக்கிரம்னு கத்தி அதுல பேர் வந்துச்சுங்கறது, கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பிரெஞ்சு எழுத்துல அந்தச் சொல் தலைகாட்டுறதே 1884 வாக்குலதான், நடுவுல எழுபது வருஷம் எங்க ஒளிஞ்சிருந்துச்சாம்? அத நம்பி ‘விரைவுணவகம்’னு வச்சா, படிக்கிறவங்க ஃபாஸ்ட்ஃபுட் கடைன்னுதான் எடுத்துக்குவாங்க, அர்த்தமே தலைகீழாயிடும்.

கோடை லீவுல பையனோட பாரிஸ் போயிருந்தப்ப பாத்தத சொல்றேன். கரும்பலகையில அன்னிக்கு என்ன சமையலோ அத சாக்பீஸ்ல எழுதி வச்சிருக்காங்க, பக்கத்து டேபிள்காரர் கடைசி மீன வாங்கினதும் பரிமாறுற அம்மா வந்து அந்த வரிய விரலாலயே அழிச்சிட்டுப் போகுது. ரொட்டிக்கும் கூஜாத் தண்ணிக்கும் தனிக்காசு கிடையாது. சாப்பிட்டு முடிச்சு காபியும் குடிச்சு சும்மா கதை பேசிட்டு உக்காந்திருந்தோம், ஒருத்தரும் பில்லக் கொண்டாந்து வைக்கல, நாமளா கேட்டாத்தான் வருது. ஆனா ஒரு விஷயம், மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல போனா அடுப்ப அணைச்சிருப்பாங்க, நிதானமெல்லாம் நேரத்துக்கு வந்தவங்களுக்குத்தான்.

கிருஷ்ணகிரி தம்பி ‘மெஸ்’னே விட்டுடலாம்னார். சமையலுக்குப் பொருந்தும் தம்பி, வீட்டுக் கைப்பக்குவம், ஓனரே பரிமாறுவார், எல்லாம் சரி. (மெஸ்ஸும் பழைய பிரெஞ்சுல இருந்து இங்கிலீஷ் வழியா வந்ததுதான், அது வேற.) ஆனா நாலு ரோடு பக்கம் மத்தியானம் மெஸ்ஸுக்குப் போய்ப் பாருங்க, நீங்க மோர் சாதத்துக்கு வரும்போதே பின்னால ஒருத்தர் நாற்காலியப் புடிச்சிட்டு நிப்பார், எங்க ஆற அமர சாப்பிடறது?

அந்த ‘ஆற அமர’வத்தான் எடுத்தேன். ஆறமர் உணவகம், ஆறமர் சாப்பாடு. சுடுசோறு, ஊறுகாய் மாதிரி வினைத்தொகையா நிக்கும்.

—

பென்னாகரத்து அக்காவோட பதில்: தம்பி, உங்க சொல் நல்லாருக்கு, ஆனா ‘ஆறமர்’னு பாத்ததும் எனக்கு ஆத்துல உக்காந்து சாப்பிடறதுன்னுதான் பட்டுச்சு. நாங்க பென்னாகரத்துக்காரங்க, எங்களுக்கு ஒகேனக்கல்தான் கணக்கு. மீன நாமளே பாத்து வாங்கி அங்க சமைக்கிற அக்காங்ககிட்ட குடுத்துட்டு, எண்ணெய் தேச்சுக் குளிச்சிட்டு வந்தா குழம்பு கொதிச்சிட்டிருக்கும், எத்தன நேரம் உக்காந்தாலும் யாரும் எழுப்ப மாட்டாங்க. சாப்பாட்டுக்கு உங்க சொல்லையே வச்சுக்கங்க, ஒகேனக்கலுக்கும் ஆகும். கடைக்கு வேணாம், கரும்பலகை, ஒயினு, அன்னன்னிக்கு சமையல்னு அதுக்குன்னு ஒரு தினுசு இருக்குல்ல, அது ‘பிஸ்ட்ரோ’வாவே இருக்கட்டும்.

—

சரிங்கக்கா, ஒத்துக்கறேன். சுற்றுலாச் சொற்பட்டியல்ல இப்படி ஏத்துறேன்:

பிஸ்ட்ரோ: பிரான்ஸ் நாட்டுச் சிறு சாப்பாட்டுக் கடை, வீட்டுப் பாங்கான சமையல்.
ஆறமர் சாப்பாடு: அவசரமில்லாம நெடுநேரம் உக்காந்து பேசிச் சாப்பிடும் மதிய உணவு.

‘ஆற்றமர்’னு யாரும் திருத்திடாம இருக்க, ‘ஆற அமர’ங்கறதுல இருந்து வந்ததுன்னு ஒரு வரி சேர்த்துடறேன். ஞாயித்துக்கெழமைக்குள்ள வேற யோசனை இருந்தா எழுதுங்க.