மலையேறும்போது நாட்குறிப்பு எழுத என்ன வாங்கலாம்? டேப்லெட்டா, போனா?

கெடிலக்கரை:
வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். வயது 46. மூன்று வருடமாக மாதம் ஒரு மலையாவது ஏறுகிறேன். ஏறி இறங்கிய கதையை அன்று ராத்திரியே இணையத்தில் என் நாட்குறிப்பில் போட்டுவிடுவேன். நெல்லிக்குப்பத்தில் இருக்கும் என் அம்மாதான் முதல் ஆளாகப் படிப்பார். 72 வயது, முழங்கால் வலி, வாசல்படி இறங்கவே யோசிப்பவர். எந்த இடத்தில் உட்கார்ந்தாய், யார் தண்ணீர் கொடுத்தார்கள், பாறை வழுக்கியதா என்று மறுநாள் போனில் ஒவ்வொன்றாகக் கேட்பார். எழுதியது வராவிட்டால் அன்று ராத்திரி அவருக்குத் தூக்கம் கிடையாது.

போன மாதம் பர்வதமலை போனோம். கடப்பாறைப் பாதையில் சங்கிலியைப் பிடித்து ஏறி, மல்லிகார்ஜுனரைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் தென்மகாதேவமங்கலத்துக்கு இறங்கிவிட்டோம். பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு மணி நேரத்தில் முழுக்கதையையும் போனிலேயே அடித்தேன். 'வெளியிடு' என்று தட்டியதும் வட்டம் சுற்றியது, பக்கம் வெள்ளையானது, எழுதியது எல்லாம் போச்சு. அப்போது சார்ஜ் 9 சதவீதம். மறுபடி எழுதலாம் என்று ஆரம்பித்தால் போனும் அணைந்துவிட்டது. வீடு வந்து சேர ராத்திரி ஒன்றரை. அம்மா முழித்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

ஆகஸ்டில் காஷ்மீர் போகிறேன். சோனாமார்க்கில் ஆரம்பித்து ஏரிகள் வழியாக நாராநாக் வரை, ஆறு ராத்திரி கூடாரத்தில். அதற்குள் ஒரு நல்ல கருவி வாங்கிவிட வேண்டும். கையில் 20,000 ரூபாய் இருக்கிறது. 10 அங்குல டேப்லெட்டும் அதோடு ஒட்டும் கீபோர்டும் வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். சின்ன லேப்டாப் நல்லது என்கிறான் தம்பி. சேட்டிலைட் மூலம் செய்தி அனுப்பும் கருவி இருக்கிறதாமே, அதுவும் சரிவருமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

லாஸ்பேட்டை நடையன்:
அக்கா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சேட்டிலைட் கருவி வேண்டவே வேண்டாம். வெளிநாட்டு மலையேறிகள் இடுப்பில் மாட்டிக்கொண்டு போவதை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். நம் நாட்டில் முன் அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பது குற்றம். விமான நிலையத்தில் பையை ஸ்கேன் செய்யும்போதே பிடிபட்டு வழக்கானவர்கள் உண்டு. காஷ்மீர் எல்லைப்புறம் வேறு. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

லேப்டாப்பும் வேண்டாம். ஒரு கிலோவுக்கு மேல் எடை, கூடவே சார்ஜர். நாலாம் நாள் கணவாய் ஏறும்போது அந்த ஒரு கிலோவைத் தூக்கி எறியத் தோன்றும். 10 அங்குல டேப்லெட் அரை கிலோ, கீபோர்டும் உறையும் சேர்ந்தால் முக்கால் கிலோவைத் தொட்டுவிடும். வெயிலில் திரை தெரியாது, கூடாரத்துக்குள் படுத்துக்கொண்டு கையில் பிடிக்கவும் முடியாது. 2019இல் டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். ஆறு நாளில் இரண்டே முறைதான் பையிலிருந்து வெளியே எடுத்தேன்.

அதை எல்லாம் விடுங்கள். பர்வதமலையில் உங்கள் எழுத்து போனதற்குக் கருவி காரணமில்லை. உலாவியில் திறந்த பெட்டிக்குள் நேராக எழுதினீர்கள், அனுப்பும் நேரத்தில் சிக்னல் இல்லை. இரண்டு லட்ச ரூபாய் லேப்டாப் வைத்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். எழுதுவது ஒரு வேலை, அனுப்புவது இன்னொரு வேலை. இரண்டையும் பிரித்துவிடுங்கள். நெட்டே இல்லாமல் திறக்கிற சாதாரண குறிப்புச் செயலியில் எழுதி, தேதி போட்டுச் சேமியுங்கள். சிக்னல் கிடைக்கிற இடத்தில் நகல் எடுத்து ஒட்டினால் போதும். ஒட்டும்போது போனாலும் மூலம் உங்களிடம் பத்திரமாக இருக்கும். செயலியை வாங்கியதும் ஃப்ளைட் மோடில் போட்டு ஒருமுறை எழுதி, மூடி, திறந்து பாருங்கள். சில செயலிகள் நெட் இல்லாவிட்டால் பழைய குறிப்பைத் திறக்காது.

கெடிலக்கரை:
ரொம்ப நன்றி தம்பி. பிரித்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் சார்ஜ் போனதற்கு என்ன செய்வது? காலையில் நூறோடுதான் கிளம்பினேன். போன் வாங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது, 5000 எம்.ஏ.ஹெச். பேட்டரி.

திருப்பாப்புலியூர்க்காரன்:
அக்கா, நான் லாரன்ஸ் ரோடு பக்கம் போன் சர்வீஸ் பண்றேன். ரெண்டு கேள்வி. சார்ஜ் ஏற எவ்ளோ நேரம் ஆகுது? வயரைச் சொருகினா 'டக்'குன்னு உட்காருதா, இல்ல கோணலாப் பிடிச்சாத்தான் ஏறுதா?

கெடிலக்கரை:
மூன்றரை மணி நேரம் ஆகிறது. வயரைக் கொஞ்சம் இடது பக்கம் சாய்த்து வைப்பேன். வயர்தான் பழசு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

திருப்பாப்புலியூர்க்காரன்:
வயர் இல்லக்கா, ஓட்டை. டார்ச் அடிச்சு சார்ஜ் போர்ட்டுக்குள்ள பாருங்க. நடுவுல மெல்லிசா ஒரு நாக்கு தெரியும். அதுக்குப் பின்னாடி சாம்பல் கலர்ல பஞ்சு மாதிரி அடைஞ்சிருக்கும். பாக்கெட்டுல இருக்கற நூல் தூசி அது. ஒவ்வொரு தடவையும் வயரைக் குத்திக் குத்திக் கெட்டியா அமுக்கிடுறோம். போனை ஆஃப் பண்ணிட்டு, மெல்லிசா சீவின பல்குத்திக் குச்சியால ஓரமா நெம்பி எடுங்க. குண்டூசி, சேஃப்டி பின் எதுவும் போடாதீங்க, வாயாலயும் ஊதாதீங்க, ஈரம் போயிடும்.

அந்த நாக்குல இருக்கற கம்பி பச்சையா இருந்தா வேற கதை. நம்ம ஊர் உப்புக்காத்து. தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு ஆளுங்க போன்ல நான் தினம் பாக்கறது அதுதான். பச்சை பிடிச்சிருந்தா சுத்தம் பண்ணி பிரயோஜனம் இல்ல. சார்ஜிங் போர்டை மாத்திடணும், சில நூறு ரூபாயில முடிஞ்சிடும். புது டேப்லெட் கேக்கற வியாதி இல்லக்கா இது.

மலையில சார்ஜ் இறங்கறதுக்குக் காரணம் சிக்னல். டவர் கிடைக்காத இடத்துல போன் சும்மா இருக்காது. டவர் எங்க, டவர் எங்கன்னு முழு பலத்தோட தேடிக்கிட்டே இருக்கும். காலையில ஏற ஆரம்பிக்கும்போதே ஃப்ளைட் மோடு போட்டுடுங்க. ஜி.பி.எஸ். அதுல நிக்காது. சேட்டிலைட்டுல இருந்து வர்றதை வாங்கிக்கற வேலைதான், போன் எதையும் அனுப்பறதில்ல. போட்டோவும் எடுக்கலாம். தானே புயல் அடிச்ச 2011 டிசம்பர் ஞாபகம் இருக்கா? வாரக்கணக்குல கரண்ட் இல்ல. காலையில பத்து நிமிஷம், ராத்திரி பத்து நிமிஷம்னு போனைத் திறந்துதான் எங்க வீட்ல ஒரு சார்ஜை நாலு நாள் ஓட்டினோம். அதே கணக்குதான்.

லாஸ்பேட்டை நடையன்:
அண்ணன் சொன்னதோடு பவர் பேங்க் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 10,000 எம்.ஏ.ஹெச். என்று போட்டிருந்தால் 5000 பேட்டரியை இரண்டு தடவை நிரப்பும் என்று நினைத்துவிடுவோம். அந்த 10,000 உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு, அதாவது மின்சக்தி அளவில் 37 வாட்-ஹவர். வோல்ட்டேஜை ஏற்றி வெளியே அனுப்பும்போது சூடாகக் கொஞ்சம் வீணாகும். உங்கள் போனுக்கு ஒன்றரைத் தடவை வந்தால் நல்ல பவர் பேங்க். ஆறு ராத்திரிக்கு 20,000 எம்.ஏ.ஹெச். வாங்கிக்கொள்ளுங்கள். அது 74 வாட்-ஹவர், விமானத்தில் அனுமதிக்கும் 100க்குள் வருகிறது. கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போட்டால் இறக்கிவிடுவார்கள்.

அங்கே ராத்திரி குளிர் பூஜ்யத்தை நெருங்கும். குளிரில் லித்தியம் பேட்டரி சுருண்டுவிடும். படுக்கும்போது 60 இருந்தது, காலையில் திறந்தால் 20 என்று காட்டும், சில நேரம் அணைந்தே போகும். போனையும் பவர் பேங்கையும் ஒரு சாக்ஸுக்குள் போட்டு ஸ்லீப்பிங் பேக்கில் வயிற்றோடு வைத்துக்கொண்டு தூங்குங்கள். சில்லிட்டுக் கிடக்கும் போனை அப்படியே சார்ஜில் போடாதீர்கள், பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் பேட்டரி நிரந்தரமாகக் கெடும். கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போடுங்கள்.

இன்னொன்று. நம் ஊர் பிரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டாக மாற்றிக்கொண்டுதான் போக வேண்டும். இதைத் தெரியாமல் ஸ்ரீநகரில் இறங்கி முழிப்பவர்கள் ஏராளம். போஸ்ட்பெய்டு இருந்தாலும் சோனாமார்க் தாண்டினால் நாராநாக் வரும்வரை சிக்னலை எதிர்பார்க்காதீர்கள்.

முதுநகர் படகு:
நான் மலைக்குப் போனதில்லம்மா, கடலுக்குப் போறவன். தண்ணி விஷயம் மட்டும் சொல்றேன். போன்ல தண்ணி புகாதுன்னு ஐ.பி.68 முத்திரை போட்டிருக்குன்னு தைரியமா இருக்காதீங்க. அது புதுப் போனுக்கு, நல்ல தண்ணியில சோதிச்சது. உப்புத்தண்ணிக்கோ, ரெண்டு தடவை கீழ விழுந்த போனுக்கோ பொருந்தாது. ஜிப் வைச்ச கெட்டிக் கவர் ரெண்டு, ஒண்ணுக்குள்ள ஒண்ணு. காத்தை அழுத்தி வெளியேத்திட்டு மூடணும். நனைஞ்சா அரிசியில போடாதீங்க. மாவும் உமித்தூளும் ஓட்டைக்குள்ள போயிடும். துடைச்சு, வாய் கீழ பாத்த மாதிரி காத்தாட வைச்சுடுங்க. காயறவரைக்கும் சார்ஜ் போடாதீங்க.

மழையில தொடுதிரை நம்ம பேச்சைக் கேக்காது. விரல் ஈரமா இருந்தா அது பாட்டுக்கு எங்கயோ திறக்கும். எங்க படகுல சின்ன நோட்டும் பென்சிலும் உண்டு. பேனா ஈரத்தாள்ல எழுதாது, பென்சில் எழுதும். வலை போட்ட இடம், நேரம் எல்லாம் அதுலதான். நீங்களும் ஒண்ணு வைச்சுக்கோங்க.

தமிழ்99 பிரியை:
அக்கா, எழுத்து அடிக்கும் வேகம் பற்றி யாரும் பேசவில்லை. ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்குகிறீர்களா? அப்படியானால் தமிழ்99 விசைப்பலகைக்கு மாறிப் பாருங்கள். 1999இல் தமிழக அரசு தரப்படுத்தியது. 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு போதும், புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். பத்து நாள் பழகினால் கை ஓடும். போன் திரையிலேயே வருவதால் தனிக் கீபோர்டு தேவையில்லை. அப்படியும் புளூடூத் கீபோர்டு வேண்டுமானால் உங்கள் போனைக் கடைக்குக் கொண்டுபோய், அதில் தமிழ் வருகிறதா என்று அடித்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

சொல்லி எழுதும் வசதியை மலையில் நம்பாதீர்கள், அது பெரும்பாலும் நெட்டைக் கேட்கும். குரலைப் பதிவு மட்டும் செய்துகொள்ளலாம். கை விறைத்த அன்றைக்குக் கதையை வாயால் சொல்லிவையுங்கள், இறங்கிய பிறகு எழுதலாம்.

சிக்னல் ஒரு கோடு தெரிந்தால் படத்தை அனுப்பப் பார்க்காதீர்கள். தமிழில் 400 சொல் எழுதினால் 12 கே.பி. அளவுதான் வரும். ஒரு படம் 3, 4 எம்.பி. படம் திணறும் இடத்தில் எழுத்து போய்ச் சேரும். எஸ்.எம்.எஸ். அனுப்பினால், தமிழில் ஒன்றுக்கு 70 எழுத்துதான். 'அம்மா' நமக்கு மூன்றெழுத்து, போன் கணக்கில் புள்ளியும் காலும் சேர்ந்து ஐந்து. அதனால் நறுக்கென்று எழுதுங்கள்.

கெடிலக்கரை:
எல்லோருக்கும் கைகூப்பி நன்றி. இரண்டு வாரம் கழித்து இப்போதுதான் இங்கே வருகிறேன்.

போர்ட்டுக்குள் டார்ச் அடித்தேன். அண்ணன் சொன்ன சாம்பல் பஞ்சு, பாசிப்பயறு அளவுக்கு ஒரு உருண்டை. அதை எடுத்த பிறகும் வயர் ஆடியது. உள்ளே ஓரத்தில் பச்சை. போர்டை மாற்றிவிட்டேன். இப்போது ஒன்றரை மணி நேரத்தில் நிரம்புகிறது.

போன ஞாயிறு செஞ்சியில் ஒத்திகை பார்த்தேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஃப்ளைட் மோடு. ராஜகிரி ஏறி, மேலே களஞ்சியத்தின் நிழலில் உட்கார்ந்து பாதிக் கதை எழுதினேன். 60 படம், நாள் முழுக்க ஜி.பி.எஸ். காலை ஆறு மணிக்கு 100, சாயங்காலம் ஆறு மணிக்கு 74. பர்வதமலையில் இதே நேரத்துக்கு 9. எண்ணைப் பார்த்ததும் அங்கேயே உங்களுக்கு எழுத வேண்டும் போல இருந்தது.

டேப்லெட் வாங்கவில்லை. 20,000 எம்.ஏ.ஹெச். பவர் பேங்க், இரண்டு ஜிப் கவர், பென்சில், கைக்கடக்கமான நோட்டு வாங்கினேன். சிம்மை போஸ்ட்பெய்டுக்கு மாற்ற எழுதிக் கொடுத்திருக்கிறேன். தமிழ்99 இன்னும் தடுமாறுகிறது, 'ழ'வைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும் பாக்கி. ஆறு நாள் சிக்னல் இல்லை என்றால் அம்மா?

லாஸ்பேட்டை நடையன்:
என் அம்மாவுக்கு நான் செய்ததைச் சொல்கிறேன். போகும் வழியைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். முதல் நாள் இந்த இடம், இரண்டாம் நாள் விஷன்சர் ஏரிக்கரை, பிறகு கட்சர், சத்சர், கங்காபல் என்று ஒவ்வொரு ராத்திரியும் எங்கே படுப்பேன் என்று. எந்தத் தேதி வரை போன் வராது, எந்தத் தேதியில் நாராநாக்கில் இறங்குவேன், ஒருநாள் தாமதமானால் யாரைக் கூப்பிட வேண்டும் என்றும் எழுதினேன். கூட்டிப்போகிறவர்களின் எண்ணையும் அதிலேயே குறித்தேன். தாளைக் காலண்டர் பக்கத்தில் ஒட்டிவைத்து, தினமும் ராத்திரி ஒரு வரியை அடித்துக்கொண்டே வந்திருக்கிறார்.

கெடிலக்கரை:
சனிக்கிழமை நெல்லிக்குப்பம் போய் அம்மாவையே எழுத வைத்தேன். நான் ஒவ்வொரு நாளாகச் சொல்லச் சொல்ல, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவர் கையால் எழுதினார். ஏரிப் பெயர்களுக்கு எழுத்து எழுத்தாகக் கேட்டார். ஆறு நாள் எழுதியதையும் ஒரேயடியாகப் போட்டுவிடக் கூடாதாம், தேதிப்படி ஒரு நாளைக்கு ஒன்றாகத்தான் போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அப்படியே செய்யப்போகிறேன். இறங்கியதும் இங்கே வந்து சொல்கிறேன்.