63 எம்.எம். பிளேட்டில் வெல்டுக்கு அடியில் விரிசல், உதவி தேவை

வணக்கம். துவாக்குடியில் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷாப்பில் வேலை பார்க்கிறேன். பாக்ஸ் காலத்தில் (பெட்டி வடிவ இரும்புத் தூண்) பீம் ஃபிளாஞ்சை (உத்தரத்தின் மேல், கீழ் தகடு) ஃபுல் பெனட்ரேஷனாக, அதாவது முழு தடிமனுக்கும் வெல்டு இறங்கும்படி, இணைக்கும் டி-ஜாயின்டில் மாட்டிக்கொண்டு நிற்கிறோம். காலம் பிளேட் 63 எம்.எம்., ஃபிளாஞ்ச் 40 எம்.எம்., இரண்டும் ஐ.எஸ். 2062 இ350 தர ஸ்டீல். வெல்டிங் ராடு இ7018 (லோ ஹைட்ரஜன் வகை).

வெல்டு முடித்த மறுநாள் யூ.டி. (அல்ட்ராசோனிக் சோதனை) சுத்தம். மூன்றாம் நாள் பார்த்தால் 12 ஜாயின்டில் 4-ல் சிக்னல். விரிசல் வெல்டில் இல்லை. காலம் பிளேட்டுக்குள், ஃபியூஷன் லைனுக்கு (வெல்டும் பிளேட்டும் உருகிச் சேரும் கோடு) 4-5 எம்.எம். கீழே. கவுஜ் செய்து (வெல்டைத் தோண்டி எடுத்து) கிரைண்டர் போட்டதும் விரிசல் படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கியது. உடைந்த முகம் விறகைப் பிளந்தது போல நார் நாராக இருந்தது.

ராடை 350 டிகிரியில் 2 மணி நேரம் அடுப்பில் பேக் செய்து (உலர்த்தி)தான் தருகிறோம். பிரீஹீட்டை (வெல்டுக்கு முன் பிளேட்டைச் சூடாக்குவது) 110 டிகிரியிலிருந்து 150-க்கு ஏற்றினோம். 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் விட்டுவைத்த பேக்கிங் பட்டை (வெல்டுக்கு அடியில் தாங்கலாக வைக்கும் பட்டை) ஓரத்திலிருந்து பல ஜாயின்டுகள் பிளந்ததைப் படித்துவிட்டு, எங்கள் ஜாயின்டில் இருந்த பட்டையையும் எடுத்து ரூட்டை (வெல்டின் அடிப்பகுதி) திரும்ப அடித்தோம். ரிப்பேர் செய்த 4-ல் 2 மறுபடியும் போயின. (வெல்டர் மேல் பழி போடுகிறார்கள். அவர் கை சுத்தமான கை.)

பிளேட் வாங்கும்போது இசட் டெஸ்ட் (தடிமன் திசையில் இழுத்துப் பார்க்கும் சோதனை) கேட்கவில்லை, அது எங்கள் தப்பு. உடைந்த முகத்தைப் பார்த்தால் லேமெல்லர் டியரிங் (பிளேட் உள்ளுக்குள் அடுக்கடுக்காகக் கிழிவது). தாமதமாக வருவதைப் பார்த்தால் வெல்டில் புகுந்த ஹைட்ரஜனால் வரும் விரிசல்.

காலம் பிளேட்டை மாற்றாமல், முதலில் பட்டரிங் லேயர் (பிளேட் மேல் மென்மையான வெல்டு அடுக்கு) போட்டு அதன்மேல் ஃபிளாஞ்சை வெல்டு செய்து இதைக் காப்பாற்றியவர்கள் யாராவது உண்டா?