குன்னூரில் ஒற்றைக்கை பேக்ஹேண்ட்: பந்து தோளுக்கு மேல ஏறுது, அடிச்சா கோட்டைத் தாண்டுது. உதவி தேவை

குன்னூர்_இடதுமூலை:
எல்லாருக்கும் வணக்கம். டென்னிஸ்ல வலது கை ஆட்டம், ஒற்றைக்கை பேக்ஹேண்ட் (புறங்கைப் பக்கத்து அடி). கோவையில ஒழுங்கா விழுந்த ஷாட் குன்னூரில் மூணு விதமா கெடுது.

இடுப்பு உயரத்துக்கு வர்ற பந்தை டாப்ஸ்பின் (முன்னோக்கிச் சுழற்சி) போட்டு அடிச்சா பேஸ்லைனை (கோர்ட்டோட பின் கோட்டை) ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் தாண்டிப் போய் விழுது. எதிராளி என் பேக்ஹேண்ட் மூலைக்கு ஏத்தி அடிச்சா பந்து தோளுக்கு மேல எழும்புது. ஃபிரேமில் படுது, இல்லேன்னா நெட் வரைக்கும்கூடப் போகாம தொப்புனு விழுது. மூணாவது, வலது முழங்கையின் வெளிப்பக்கத்துல வலி. தண்ணிச் செம்பைத் தூக்கினாலே சுள்ளுனு இழுக்குது.

ராக்கெட் 98 சதுர அங்குலம், ஸ்ட்ரிங் இல்லாம 305 கிராம். முழுக்க பாலியெஸ்டர் ஸ்ட்ரிங், 54 பவுண்டு இறுக்கம், கட்டி மூணு மாசம் ஆச்சு. சிமெண்ட் கோர்ட். கடையில கிடைக்கிற சாதாரண டின் பந்து. வார நாள்ல காலை 7 மணி, சனி ஞாயிறு மதியம். மதியம்தான் ரொம்ப மோசம். பேசாம ரெண்டு கைக்கு மாறிடலாமா?

உதகை_நரம்புக்கட்டு:
கையை மாத்துறதுக்கு முன்னாடி பந்தை மாத்துங்க. கோளாறுல பாதி அதுலதான் இருக்கு.

குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம். காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்கிறதுல ஐந்துல நாலு பங்குதான். டின்னுக்குள்ள இருக்கிற பந்து கீழ அடைச்ச அழுத்தத்தோட மேல வருது. வெளியே அழுத்தம் குறைஞ்சதால உள்ளே இருக்கிறது கிட்டத்தட்ட 3 பி.எஸ்.ஐ (சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டு) கூடின மாதிரி வேலை செய்யும். அதனால எழும்புது. காத்து மெலிசா இருக்கிறதால வேகமும் குறையாம வருது. இன்னொண்ணு, டாப்ஸ்பின் பந்தைக் கீழே வளைக்கிறதே காத்துதான். காத்து குறைஞ்சா வளைவும் குறையும். கோவையில கோட்டுக்கு உள்ளே வளைஞ்சு விழுந்த அதே அடி இங்கே வளையறதுக்குள்ள கோட்டைத் தாண்டிடும்.

சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு 1,219 மீட்டருக்கு மேல ஆடுறதுக்குன்னு தனிப் பந்தே வகுத்திருக்கு. சாதாரணப் பந்தை 254 செ.மீ உயரத்துல இருந்து போட்டா 135 முதல் 147 செ.மீ எழும்பணும், மலைப் பந்து 122 முதல் 135 எழும்பினா போதும். இது கீழ இருக்கிற நிலைமைக்கான அளவு. மலைக்கு வந்ததும் ரெண்டும் இன்னும் கொஞ்சம் கூட எழும்பும். அதனால உங்க கோர்ட்லயே சுவர்ல 254, 147, 135-ல சாக்பீஸ் கோடு போட்டு, மதியத்துல பந்தைப் போட்டுப் பாருங்க. 147-ஐத் தாண்டுற பந்தை வெச்சு பேக்ஹேண்ட் பழகாதீங்க.

மலைப் பந்து கிடைக்கலேன்னா சாதாரண டின்னைத் திறந்து சில நாள் சும்மா வெச்சிருங்க. தானா அழுத்தம் இறங்கும். சுவர்க் கோட்டுக்குள்ள வந்ததும் எடுத்து ஆடுங்க. அழுத்தமே இல்லாத பயிற்சிப் பந்து வாங்காதீங்க. மலையில கட்டுப்படும்தான், ஆனா கல்லு மாதிரி இருக்கும். முழங்கை வலிக்கு அது ஆகாது.

ஸ்ட்ரிங்கை 57, 58 பவுண்டுக்கு ஏத்திக்கட்டினா நீளமும் குறையும்.

கொடை_பிசியோ:
கடைசி வரியை மட்டும் ஏற்க முடியவில்லை. வெளி முழங்கையில் வலி இருப்பவருக்கு மூன்று மாதம் பழகிச் செத்துப்போன பாலியெஸ்டரை எடுத்துவிட்டு, அதையே இன்னும் இறுக்கிக் கட்டச் சொல்வது வலியைக் கூட்டும் யோசனை. இறுக்கம் கூடக் கூட அதிர்ச்சி கைக்குத்தான் வரும்.

உதகை_நரம்புக்கட்டு:
சரிதான், வலியைக் கணக்குல எடுக்காம சொல்லிட்டேன். மாத்திக்கிறேன்: பாலியெஸ்டரை முழுசா வெட்டி எடுத்துட்டு, பல இழை நைலான் ஸ்ட்ரிங் 54 பவுண்டுலயே கட்டுங்க. வலி போனதுக்கு அப்புறம் பாலியெஸ்டர் வேணும்னா நீளவாக்குல மட்டும் போட்டு, குறுக்குல நைலான் போடுங்க. பாலியெஸ்டரை 15 மணி நேர ஆட்டத்துக்கு மேல வெச்சிருக்கக் கூடாது. அறுந்து போகாது, ஆனா உயிர் போயிடும்.

கோத்தகிரி_கோச்:
பந்து பத்தி சொன்னது சரி. இப்ப கைக்கு வருவோம். நீங்க எழுதின மூணு தொல்லைக்கும் எனக்கு ஒரே காரணம் தெரியுது: பந்தை ரொம்பப் பின்னாடி, லேட்டா அடிக்கிறீங்க. கீழ இருந்த பழக்கத்துல கை கிளம்புது, பந்து அதுக்கு முன்னாடியே வந்துடுது.

முதல்ல பிடி. கைப்பிடிக்கு எட்டுப் பட்டை இருக்கு. ராக்கெட்டை முன்னாடி நீட்டி, முகம் செங்குத்தா, விளிம்பு மேல பார்க்கிற மாதிரி பிடிச்சா உச்சியில இருக்கிறது 1-ஆம் பட்டை, அதுக்கு வலது பக்கம் சரிவா இருக்கிறது 2. ஆள்காட்டி விரலோட அடி மொளி 1-ஆம் பட்டை மேல உட்காரணும். 2-ல உட்கார்ந்தா அது ஸ்லைஸுக்கும் (பின்சுழற்சி அடி) வாலிக்கும் (பந்து தரையில படுறதுக்கு முன்னாடி அடிக்கிறது) உள்ள பிடி. அதுல டாப்ஸ்பின் அடிச்சா ராக்கெட் முகம் வானத்தைப் பார்க்கும், மணிக்கட்டு அதை மூடப் பார்த்து மடங்கும். பந்தும் வெளியே போகும், முழங்கையும் வலிக்கும்.

அடுத்து வேலிச் சோதனை. கோர்ட் கம்பி வேலிக்கோ நெட் கம்பத்துக்கோ பக்கவாட்டுல, வலது தோள் அதைப் பார்க்கிற மாதிரி நில்லுங்க. பேக்ஹேண்ட் அடிக்கிற பக்கத்து ஸ்ட்ரிங்கைக் கம்பத்துல வெச்சு, கையை நீட்டி, முழு பலத்தோட அழுத்துங்க. கம்பம் வலது தொடைக்கு நேரா இருந்தா மணிக்கட்டு துவண்டு போகும். கால் கால் அடியா பின்னாடி நகர்ந்து நின்னு மறுபடி அழுத்துங்க. வலது பாதத்துக்கு முன்னால ஒன்றரைச் சாண் தூரத்துல கம்பம் வரும்போது தோளும் முதுகும் சேர்ந்து தள்ளும், மணிக்கட்டு அசையாது. அந்த இடம்தான் பந்தை அடிக்க வேண்டிய இடம். ஒவ்வொரு நாளும் ஆட்டத்துக்கு முன்னாடி அஞ்சு தடவை அழுத்துங்க.

அங்க போய் பந்தைப் பிடிக்கணும்னா சீக்கிரம் திரும்பணும். எதிராளி ராக்கெட்டை விட்டுப் பந்து கிளம்பினதும் இடது கையாலதான் ராக்கெட்டைப் பின்னாடி கொண்டு போகணும். இடது கை ராக்கெட்டோட கழுத்துப் பகுதியைப் பிடிச்சிருக்கும், பிடியை மாத்திக் கொடுக்கிறதும் அதுதான். பந்து நெட்டைத் தாண்டும்போது வலது தோள் உங்க தாடைக்குக் கீழ வந்திருக்கணும், முதுகு பாதி நெட்டைப் பார்க்கணும். வலது கையில பிடி தளர்வா இருக்கட்டும். இறுக்கிப் பிடிக்கிறது பந்து படுற நேரத்துல மட்டும். வலது காலை முன்னாடி வெச்சு எடையை அதுல இறக்கி, கையை நீட்டியே வீசுங்க. முழங்கை முன்னாடி குத்திக்கிட்டு வந்தா அது அடி இல்ல, தள்ளு.

ரெண்டு கைக்கு மாற வேண்டாம். மலையில ஒற்றைக்கை செல்லாதுங்கிறது உண்மை இல்ல. ஈக்வடார் தலைநகர் கீட்டோ 2,850 மீட்டர் உயரம். அங்க நடந்த ஏ.டி.பி. (ஆண்கள் தொழில்முறை டென்னிஸ்) போட்டியை 2015, 2016, 2017 மூணு வருஷமும் தொடர்ந்து ஜெயிச்ச விக்டர் எஸ்ட்ரெல்லா ஒற்றைக்கை பேக்ஹேண்ட்காரர்.

குன்னூர்_இடதுமூலை:
ரொம்ப நன்றி சார். மொளி 2-ஆம் பட்டையிலதான் இருந்தது. ஸ்ட்ரிங் மாத்தியாச்சு, பந்தைச் சுவர்ல அளந்து 140-க்கு வந்தப்புறம் ஆடுறேன். நீளம் பெரும்பாலும் சரியாயிடுச்சு. ஆனா புதுசா ஒண்ணு: பந்து வலது பக்கம் இழுத்துக்கிட்டு சைடு லைனுக்கு வெளியே போகுது, வேகமும் இல்ல. தோளுக்கு மேல வர்ற பந்தும் இன்னும் வசப்படலை.

கோத்தகிரி_கோச்:
வலது பக்கம் இழுக்குதுன்னா நெஞ்சு சீக்கிரம் நெட்டைப் பார்த்துத் திறந்துடுது. இடது கையைக் கவனிங்க. அது ராக்கெட் பின்னாடியே முன்னால ஓடி வருது. வலது கை முன்னாடி போகும்போது இடது கை பின் வேலியைப் பார்த்துப் போகணும், வில்லுல நாணை இழுக்கிற மாதிரி. அடிச்சு முடிச்ச நிலையில அப்படியே நின்னு பாருங்க: வலது கை தோளுக்கு மேல, இடது கை பின்னாடி, மார்பு இன்னும் சைடு லைனைப் பார்த்து இருக்கணும். ஒருத்தர் பக்கத்துல நின்னு பந்தைக் கையால போட, ஒவ்வொரு அடிக்கும் மூணு எண்ணிக்கை உறைஞ்சு நில்லுங்க. 20 பந்து, ரெண்டு சுற்று போதும்.

தோள் உயரப் பந்துக்கு வழக்கமா மூணு வழி சொல்வாங்க. பின்னாடி போய் இறங்க விட்டு அடிக்கிறது ஒண்ணு. மலையில பந்து இறங்கவே நேரம் எடுக்கும், பின் வேலி கிட்ட இருந்தா இடமும் பத்தாது. அதை மறந்துடுங்க.

ரெண்டாவது, எழும்பும்போதே அடிக்கிறது. பேஸ்லைனை ஒட்டி நில்லுங்க, பந்து குத்தின உடனே இடுப்புக்கும் மார்புக்கும் நடுவுல பிடிங்க. ராக்கெட்டைத் தோளுக்குப் பின்னாடி கொண்டு போகாதீங்க. இடுப்பு அளவு வரைக்கும் போதும், வேகம் பந்துலயே இருக்கு. 2017 ஆஸ்திரேலிய ஓபன் இறுதி ஆட்டத்துல நடால் ஏத்தி அடிச்ச பந்துகளை ஃபெடரர் இப்படித்தான் முன்னாடி வந்து எடுத்தார். 90 சதுர அங்குல ராக்கெட்டை விட்டு 97-க்கு மாறினதும் அதுக்கு உதவிச்சு.

மூணாவது ஸ்லைஸ். உங்க பழைய 2-ஆம் பட்டைப் பிடிக்கு இங்கதான் வேலை. ராக்கெட் பந்தை விட ஒரு சாண் உயரத்துல கிளம்பணும், முகம் லேசா திறந்து, முன்னாடி தள்ளிக்கிட்டே இறங்கணும். கீழ் நோக்கி வெட்டாதீங்க. வெட்டினா பாதியில விழுதுன்னு சொன்னீங்களே, அதான் நடக்கும். மலைக்காத்துல வேகம் குறையாததால ஸ்லைஸும் நீளமாப் போகலாம், அதனால நெட்டுல இருந்து 6.40 மீட்டர்ல இருக்கிற சர்வீஸ் கோட்டுக்குக் கொஞ்சம் அப்பால விழற மாதிரி குறி வைங்க. டாப்ஸ்பினுக்கும் அதே கணக்கு. கீழ பேஸ்லைனுக்கு ஒரு மீட்டர் உள்ளே குறி வெச்சா, இங்க ரெண்டு மீட்டர்.

கொடை_பிசியோ:
வலி பற்றி. பந்து படும் நேரத்தில் மணிக்கட்டு உள்பக்கம் மடங்கினால், அதை நிமிர்த்தும் தசைகள் இறுகியிருக்கும்போதே இழுபடுகின்றன. அந்தத் தசைகள் ஒட்டியிருக்கும் இடம்தான் உங்களுக்கு வலிக்கும் வெளி எலும்பு. பிடியைச் சரிசெய்ததால் காரணம் நீங்கியிருக்கிறது. தசைநாண் ஆற நேரம் எடுக்கும்.

முதல் இரண்டு வாரம்: முன்கையை மேசையில் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, மற்ற கையால் புறங்கையை அழுத்திப் பிடித்து அசையாமல் எதிர்த்து நில்லுங்கள். 30 முதல் 45 விநாடி, ஐந்து முறை. பிறகு ஒரு கிலோ எடை (ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும்): இடது கையின் துணையால் மணிக்கட்டை மேலே தூக்கி, வலது கையால் மட்டும் நான்கு எண்ணிக்கையில் மெல்ல இறக்குங்கள். 15 முறை, மூன்று சுற்று. லேசான வலி இருக்கலாம். மறுநாள் காலையிலும் நீடித்தால் எடையைக் குறையுங்கள். முழங்கைப் பட்டை போடுவதானால் எலும்பின் மேல் அல்ல, அதற்கு இரண்டு விரல் கீழே, தசையின் மேல்.

கைப்பிடியின் பருமனையும் பாருங்கள். பிடித்திருக்கும்போது விரல் நுனிக்கும் உள்ளங்கை மேட்டுக்கும் நடுவில் இடது ஆள்காட்டி விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் கைப்பிடி மெலிவு, நீங்கள் இறுக்கிப் பிடிக்கிறீர்கள். ஒரு ஓவர்கிரிப் (கைப்பிடியின் மேல் சுற்றும் மெல்லிய பட்டை) சுற்றினால் அரை அளவு கூடும். காலைக் குளிரில் விறைத்த விரல்கள் தானாகவே இறுக்கும். பத்து நிமிடம் ஓடி, உடம்பு சூடான பிறகே முதல் பேக்ஹேண்ட். விரல் மரத்துப்போதல், இரவில் வலி, பிடியே தளர்தல் இருந்தால் காத்திருக்காமல் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

குன்னூர்_இடதுமூலை:
இடது கை விஷயம் உடனே பலன் தந்தது. ஒரே ஒரு சந்தேகம்: காலையில எல்லாம் குட்டையா விழுது, மதியம் நீளமா போகுது. அடி ஒண்ணுதான்.

உதகை_நரம்புக்கட்டு:
குளிர்ல பந்தோட ரப்பரும் விறைக்கும், உள்ளே இருக்கிற காத்தும் சுருங்கும். பந்தை ராத்திரி வீட்டுக்குள்ள வைங்க, வண்டி டிக்கியில வைக்காதீங்க. அழுத்தம் இறங்கின பழைய பந்து மதியத்துக்கு, புதுசா திறந்தது காலைக்கு. டின் மேல தேதி எழுதிக்கிட்டா குழப்பம் வராது.

கோத்தகிரி_கோச்:
மூடுபனி இறங்குற நாள்ல பந்து ஈரம் குடிச்சுக் கனத்திருக்கும். அன்னிக்கு டாப்ஸ்பின் பேக்ஹேண்ட் பழகாதீங்க, முழங்கை இன்னும் ஆறலை. ஸ்லைஸ் மட்டும் போடுங்க. சிமெண்ட்ல பாசி இருந்தா கோர்ட்டுக்குள்ளேயே இறங்க வேண்டாம். கம்பத்துல அஞ்சு தடவை அழுத்திட்டு வீட்டுக்குப் போயிடுங்க.