புரோட்டானற்ற கரைப்பானா, புரோட்டான் வழங்காக் கரைப்பானா?

நண்பர்களுக்கு வணக்கம்,

டிஎம்பியு (DMPU) என்ற கரைப்பானைப் பற்றிய கட்டுரையில் polar aprotic solvent என்பதை 'முனைவுள்ள புரோட்டானற்ற கரைப்பான்' என்று எழுதலாம் எனப் பலரும் சொல்லியிருக்கிறீர்கள். முனைவுள்ள, கரைப்பான் இரண்டும் பாடநூல்களில் ஊன்றிவிட்ட சொற்கள், அவற்றில் கை வைக்க வேண்டாம். நடுவில் இருக்கும் 'புரோட்டானற்ற' மட்டும் கூடாது என்பது என் கட்சி.

டிஎம்பியு மூலக்கூறில் 12 ஹைட்ரஜன் அணுக்கள் இருக்கின்றன. இதே வகைக் கரைப்பான்களான டிஎம்எஸ்ஓவில் (டைமெத்தில் சல்பாக்சைடு) 6, எச்எம்பிஏவில் (ஹெக்சாமெத்தில் பாஸ்போரமைடு) 18. இவ்வளவையும் வைத்திருக்கும் பொருளைப் புரோட்டானற்றது என்று ஒரு பதினோராம் வகுப்பு மாணவியிடம் சொன்னால், ஒவ்வோர் அணுக்கருவிலும் புரோட்டான் இருக்கிறதே என்று கேட்பாள். அவள் கேட்பது நியாயம். இந்த மூன்று கரைப்பான்களிலும் ஹைட்ரஜன் எல்லாமே கார்பனோடு பிணைந்திருப்பதால் எளிதில் கழன்று வராது, எதிரயனியோடு வலுவான ஹைட்ரஜன் பிணைப்பும் கொள்ளாது. மெத்தனாலில் ஒரு ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு இருக்கிறது, அது எதிரயனியைச் சூழ்ந்து கட்டிப்போட்டுவிடும். 1-புரோமோபியூட்டேனும் அசைடு அயனியும் சேரும் வினையைப் பாருங்கள்: மெத்தனாலில் வேகம் 1 என்றால் டிஎம்எஸ்ஓவில் சுமார் 1300, எச்எம்பிஏவில் சுமார் 2 லட்சம். இந்த வேறுபாட்டைச் சொல்லத்தான் அந்தப் பெயரே வந்தது.

அதனால் என் பரிந்துரை 'முனைவுள்ள புரோட்டான் வழங்காக் கரைப்பான்'. பிரான்ஸ்டெட் அமிலத்தைப் புரோட்டான் வழங்கி என்றுதான் பள்ளியில் படிக்கிறோம், அதே வேரிலிருந்து எதிர்மறை வருவதால் தனியாக விளக்கவே வேண்டாம். நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

சுருக்கமாக 'ஈயாக் கரைப்பான்' போதுமே என்று ஒருவர் எழுதியிருந்தார். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் வேதியியல் இடிக்கிறது ஐயா. டிஎம்பியுவின் ஆக்சிஜன் தன் எலக்ட்ரான் இரட்டையை லித்தியம் அயனிக்குத் தாராளமாகக் கொடுக்கிறது, கொடுத்து அதைப் பிடித்துக்கொள்வதால்தான் எதிரில் இருக்கும் கார்பன் எதிரயனி சுறுசுறுப்பாகிறது. ஈனி (ligand) என்ற சொல் வேறு அணைவுச் சேர்மங்களில் ஏற்கெனவே புழங்குகிறது, லித்தியத்துக்கு ஈனியாக நிற்கும் ஒன்றை ஈயா என்று எப்படி அழைப்பது? எதை வழங்காது என்பது பெயரிலேயே இருக்க வேண்டும்.

கட்டுரையில் எச்எம்பிஏ பற்றியும் ஒரு பத்தி கட்டாயம் வேண்டும். 1970களில் அதன் ஆவியைச் சுவாசித்த எலிகளுக்கு மூக்கில் புற்றுநோய் வந்தது தெரிந்த பிறகுதான் மாற்று தேடும் அவசரம் வந்தது. 1982இல் சூரிச்சில் வேதியியலாளர் சீபாக்கின் குழு, ஆறு அணு வளையமாக மூடிய யூரியாவான டிஎம்பியுவை அதன் இடத்தில் வைத்துக் காட்டியது. பல வினைகளில் எச்எம்பிஏவைவிடக் கூடுதலாக ஊற்ற வேண்டியிருக்கும், அப்படியும் ஆய்வகத்தில் நிற்பவர் உடம்புக்கு இது எவ்வளவோ மேல். பெயரை மொழிபெயர்க்காமல் டைமெத்தில் புரோப்பிலீன் யூரியா, சுருக்கமாக டிஎம்பியு என்றே விடலாம்.

அப்புறம், ஒரு கரைப்பான் எலக்ட்ரான் இரட்டையை எவ்வளவு தாராளமாகக் கொடுக்கும் என்று காட்ட வேதியியலாளர் குட்மன் வகுத்த அளவு, donor number (எச்எம்பிஏவுக்கு 38.8, டிஎம்எஸ்ஓவுக்கு 29.8). அதற்கு 'வழங்கு எண்' என்று வைத்தால், வழங்காக் கரைப்பானுக்கு வழங்கு எண் அதிகம் என்று எழுத நேரும், படிப்பவர் குழம்பிப்போவார். 'குட்மன் எண்' என்று வைத்துக்கொள்ளலாமா? இல்லை, 'எலக்ட்ரான் இரட்டை வழங்கு எண்' என்று முழுதாகவே எழுதுவோமா? எனக்கு முதலாவதுதான் பிடித்திருக்கிறது. மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள்.